ராமர் பொறித்த ஓரணா

ராமர் பட்டாபிஷேகம் பொறித்த செம்புக் காசு. கிழக்கிந்தியக் கம்பெனி 1818-ல் வெளியிட்ட ஓரணா என்று லட்சங்களில்கூட விலை சொல்கிறார்கள். தராசை எடுக்கும் முன்பே இது போலி என்று சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் இந்தியாவில் ஓரணா நாணயம் 1907-ல்தான், அதுவும் நிக்கல் கலந்த உலோகத்தில், வந்தது. கம்பெனி சாமி உருவம் போட்டதே இல்லையா என்று கேட்கலாம். போட்டது; சென்னையில் அச்சான மூன்று சுவாமி வராகனில் வேங்கடவன் தேவியரோடு நிற்கிறார். ஆனால் அது சின்னஞ்சிறு தங்கக் காசு. ராமர் காசுகளோ பக்தர்கள் பூஜையில் வைக்க வாங்கிய வில்லைகளின் வாரிசு.

வரலாறு பொருந்தினால்தான் தராசுக்கு வேலை. 1840-ஆம் ஆண்டு விக்டோரியா ரூபாய் 11.66 கிராம், தேய்ந்தால் சற்றுக் குறையும், கூடாது. விளிம்பை லென்ஸில் பாருங்கள்: வார்த்தெடுத்த போலியில் சுற்றிலும் தையல்போல ஒரு கோடு ஓடும், முகப்பில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தெரியும், எழுத்துகள் கரைந்த சோப்புபோல் மழுங்கியிருக்கும். எடை சரியாக இருந்தால் போதாதா? போதாது; நல்ல வெள்ளியிலேயே அச்சடிக்கும் கில்லாடிகள் உண்டு. காந்தம் ஒட்டவில்லை என்பதும் சான்றாகாது, பித்தளையும்தான் ஒட்டாது. விற்பவர் ரிசர்வ் வங்கியின் பெயரை இழுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பழங்காசு வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை என்று அந்த வங்கி 2021-லேயே அறிவித்துவிட்டது.