வன் எக்ஸ்-கதிர்களுக்கு ஓர் ஆடி

புனே நகரின் கிழக்கே மகர்பட்டாவில், பன்மாடிக் கட்டடங்களின் கண்ணாடிச் சுவர்கள் மாலை வெயிலைத் தெருவின்மீது திருப்பி வீசுவதை யாவரும் காணலாம். சாதாரண ஒளி எந்தக் கோணத்தில் விழுந்தாலும் அதில் ஒரு பங்கையேனும் கண்ணாடி திருப்பி அனுப்பிவிடும். ஆனால் அதே நகரில், 'ஐயூகா' என வழங்கும் வானியல் மையத்தில் ஆராயப்படும் வன் எக்ஸ்-கதிர் அத்தகையதன்று. நேராக வந்து மோதினால் அது ஆடியைத் துளைத்துச் செல்லும். அல்லது அதனுள்ளேயே மறைந்துவிடும். கருந்துளைகளைச் சூழ்ந்த வெப்பமிக்க வாயுவும், வெடித்த விண்மீன்களின் எச்சங்களும் இக்கதிர்களை வெளியிடுகின்றன. இவற்றைக் குவிக்கும் ஆடியை அமைப்பது எங்ஙனம் என்பதை இங்கு விளக்குவோம்.

பொன் பூச்சின் எல்லை

குளத்தில் சிறுவர் எறியும் ஓட்டுச்சில்லு, சாய்வாக எறிந்தால் நீர்மேல் தத்திச் செல்லும். செங்குத்தாக எறிந்தால் மூழ்கும். எக்ஸ்-கதிரும் ஆடியை உரசினாற்போல வந்தால் மட்டுமே முழுமையாகப் பிரதிபலிக்கும். அதற்குரிய கோணம், கதிரின் சக்தி ஏற ஏறச் சுருங்குகிறது. பொன் பூசிய ஆடியில் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கு இது ஏறக்குறைய அரை டிகிரி. 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிருக்கோ அதில் ஏழில் ஒரு பங்குதான்.

2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஏவப்பட்ட நமது அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இவ்வெல்லையைக் காணலாம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் ஆக்கிய தொலைநோக்கி, பொன் பூசிய மெல்லிய தகடுகளால் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள கதிர்களைக் குவிக்குமாறு அமைந்தது. அதனினும் மிக்க சக்திக்கென வைத்த காட்மியம்-துத்தநாக-டெல்லூரைடு கருவியிலோ ஆடியே இல்லை. துளைகளிட்ட தகட்டின் நிழலைக் கொண்டே கதிர் வந்த திசை கணிக்கப்படுகிறது. இக்கருவியின் செயற்பாட்டு மையம் ஐயூகாவில் அமைந்தது. நிழல் முறையில் கதிர்கள் ஓரிடத்தில் குவிவதில்லை. ஆகவே மங்கலான பொருள்களின் கதிர்கள் பின்னணிக் கதிர்களில் அமிழ்ந்துவிடுகின்றன.

பல்லடுக்குப் பூச்சு

இதற்குப் பரிகாரம், கனமான பொருளையும் இலேசான பொருளையும் மாறி மாறிப் பூசுவதாகும். ஒவ்வோர் அடுக்கும் சிறிதளவு கதிரையே திருப்பும். எனினும் எல்லா அடுக்குகளிலிருந்தும் திரும்பும் அலைகள் முகட்டோடு முகடு பொருந்தினால் பிரதிபலிப்பு வலுப்பெறும். படிகங்களுக்குப் பிராக் வகுத்த விதியே இது. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைக் கால் டிகிரிச் சாய்வில் திருப்ப, ஓர் இணையடுக்கின் தடிப்பு சுமார் 47 ஆங்ஸ்ட்ராம் இருத்தல் வேண்டும். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. மேலே தடித்தும், கீழே செல்லச் செல்ல மெலிந்தும் அடுக்குகளை அமைத்தால், வெவ்வேறு சக்தியுள்ள கதிர்கள் தத்தமக்குரிய ஆழத்தில் பிரதிபலிக்கும்.

2012 ஜூன் 13ஆம் நாள் அமெரிக்கர் ஏவிய நுஸ்டார் தொலைநோக்கி, பிளாட்டினம்-கார்பன், டங்ஸ்டன்-சிலிக்கான் அடுக்குகளைக் கொண்டு 79 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை எட்டியது. காசியோப்பியா-ஏ எச்சத்தில் டைட்டானியம்-44 பரவியுள்ள வகையை அது படமாக்கிற்று. அவ்விண்மீன் எப்புறமும் ஒரே சீராக வெடிக்கவில்லை என்பது 2014இல் அதனால் புலனாயிற்று.

இரண்டு ஆங்ஸ்ட்ராமின் விலை

அடுக்குகளின் எல்லை எவ்வளவு வழவழப்பானது என்பதிலேதான் வெற்றி தங்கியிருக்கிறது. 30 ஆங்ஸ்ட்ராம் இணையடுக்கில் சொரசொரப்பு 3 ஆங்ஸ்ட்ராம் ஆனால், குறையற்ற எல்லை தரும் பிரதிபலிப்பில் மூன்றில் இரு பங்கு எஞ்சும். 5 ஆங்ஸ்ட்ராம் ஆனால் ஒரு பங்கே எஞ்சும். தொலைநோக்கியில் கதிர் இருமுறை பிரதிபலிப்பதால், எஞ்சுவது முறையே ஒன்பதில் நான்கு பங்கும் ஒரு பங்கும் ஆகும். ஓர் அணுவின் பருமனேயுள்ள பிழை, கதிரை நான்கில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது!

இத்துறையில் நம் நாட்டில் முயற்சிகள் தொடங்கியுள்ளன. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் டங்ஸ்டன்-போரான் கார்பைடு அடுக்குகள் ஆக்கப்பட்டுள்ளன. வெற்றிட அறையில் அயனிகளால் தாக்கி உதிர்த்த அணுக்களை மெல்லெனப் படியச் செய்வதே முறை. அவை அங்குள்ள இண்டஸ்-2 கதிர் மூலத்தில் பரிசோதிக்கப்படுகின்றன. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் 2021இல் வெளியிட்ட 'தர்பண்எக்ஸ்' என்னும் கணினி நிரல், அடுக்குகளைப் பூசுமுன்னரே அவற்றின் பிரதிபலிப்பைக் கணித்துக் கூறும்.

சிறு மாதிரியில் கைவந்த வழவழப்பை, வளைந்த ஆடிகள் பலவற்றிலும் ஒரே சீராகப் பெறுவதே எஞ்சிய பணி. அது நிறைவேறும் நாளில், நிழலால் தேடிய பொருள்களை நம் விஞ்ஞானிகள் நேரான பிம்பமாகவே காண்பர்.