முதலாளி படுத்துவிட்டால் கடைச் சாவி மட்டும் போதுமா?



மண்டித் தெருவில் நாற்பது ஆண்டுகள் கடை நடத்தியவர் ஒருவர். எந்த ஊர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதை நோட்டைப் புரட்டாமலே சொல்லுவார். ஒருநாள் விடியற்காலை பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்தது, பேச்சும் நின்றது.

மகனிடம் கடைச் சாவி இருந்தது. வங்கிக் கணக்கோ அப்பா ஒருவர் பெயரில். சரக்குக்காக முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகள் எத்தனை, யார் யாருக்கு என்று தெரியவில்லை. ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான ஓ.டி.பி. அப்பாவின் கைப்பேசிக்குத்தான் வரும். அதைத் திறக்கும் எண்ணும் அவர் மனத்தில் மட்டுமே. மருத்துவக் காப்பீட்டு பாலிசியை மூன்று வாரம் கழித்துப் பழைய பேரேட்டின் நடுவே கண்டெடுத்தார்கள். அதற்குள் ஆஸ்பத்திரிப் பணத்தைக் கைமாற்று வாங்கிக் கட்டியாகிவிட்டது.

கடையில் எத்தனை மூட்டை பருப்பு இருப்பு என்று நமக்குத் தெரியும். நம் காகிதங்களுக்கு இருப்புக் கணக்கு வைத்திருக்கிறோமா?

ஒரு நோட்டும் ஒரு ஃபைலும்

இதற்குப் பெரிய செலவில்லை. கீழ்க்கண்டவற்றை ஒரு நோட்டில் எழுதி, அசல்களையோ நகல்களையோ ஒரே ஃபைலில் வைத்தால் போதும்.

1. மருத்துவம்: டாக்டர் பெயர், தினசரி மாத்திரைகளும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, இரத்தப் பிரிவு, பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை. இந்தப் பக்கத்தின் நகல் ஒன்று வீட்டிலும் ஒன்று கல்லாவிலும் இருக்கட்டும்.

2. கடை: ஜி.எஸ்.டி. பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம், தராசு முத்திரைச் சான்று, வாடகை ஒப்பந்தம், இவற்றில் புதுப்பிக்க வேண்டியவை இருந்தால் அவற்றின் தேதிகள்.

3. கொடுக்கல் வாங்கல்: வர வேண்டியது, தர வேண்டியது, கொடுத்துள்ள காசோலைகளின் எண், தேதி, தொகை. கையில் உள்ள புரோநோட்டுகளின் தேதியைத் தனியே குறியுங்கள். 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே கெடு. கெடு முடியுமுன் கடன்காரர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் கெடு புதிதாகத் தொடங்கும். முதலாளி படுக்கையில் இருந்தாலும் காலம் நிற்பதில்லை.

4. சொத்து: பத்திரம், பட்டா, அடகு ரசீது, ஆயுள் காப்பீடு, சீட்டுப் பாஸ்புத்தகம், லாக்கர் சாவி இருக்கும் இடம்.

ஏ.டி.எம். ரகசிய எண்ணை மட்டும் நோட்டில் எழுத வேண்டாம்.

கையெழுத்து யாருடையது?

வீட்டுச் சேமிப்புக் கணக்கை மனைவி அல்லது மகனுடன் சேர்த்து, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். கடையின் நடப்புக் கணக்கில் மற்றொருவர் கையெழுத்திட அதிகாரம் அளித்து வங்கியில் முன்பே எழுதிக் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. பதிவிலும் இன்னொருவரைக் கையொப்ப அதிகாரம் பெற்றவராகச் சேர்க்க வழி உண்டு.

கை முடங்கி, அறிவு தெளிவாக இருந்தால் வழி அடைபடவில்லை. பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையைச் சாட்சிகள் இருவர் அடையாளம் காட்ட, அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருந்தால், பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதி இடம் தருகிறது. கிளை மேலாளரிடம் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

நினைவே தவறிவிட்டால் நிலைமை வேறு. ‘பவர் எழுதி வைத்திருக்கிறோம்’ என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தாலோ இறந்தாலோ சாதாரண பவர் முடிந்துவிடும். பிறகு நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த ஒருவருக்கு அவர் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தைக் கையாள அனுமதித்தது. அந்த அம்மையார் அதற்கு உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

நாமினி விஷயத்திலும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. அவரே முழு உரிமையாளர் ஆகிவிடமாட்டார். வங்கிக் கணக்குகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கும் வசதி 2025 நவம்பர் 1 முதல் வந்திருக்கிறது. யாருக்கு என்ன என்பதை உயில்தான் சொல்லவேண்டும்.

பேச்சை யார் தொடங்குவது?

காகிதம் சேர்ப்பதைவிடக் கடினம் இந்தப் பேச்சைத் தொடங்குவதுதான். ‘அப்பா, பத்திரம் எங்கே?’ என்று மகன் கேட்டால் அபசகுனமாகவும் ஆசையாகவும் தோன்றும். ஆகவே பெரியவர்களே முதலில் அழைத்து உட்காரவைத்துச் சொல்லிவிடுவது நல்லது. மனைவியும் உடனிருக்கட்டும், ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் பக்கத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் அவர்தான்.

மேலே சொன்ன பெரியவர் இப்போது இடக்கையால் கையெழுத்துப் போடப் பழகியிருக்கிறார். தினமும் ஒரு மணி நேரம் கல்லாவில் உட்காருகிறார். கொஞ்சம் பேச்சு திரும்பியதும் அவர் மகனிடம் கேட்டது ஒரு புது நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பாக்கிதாரர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்தார்.

நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. புதுக்கணக்கு எழுதும் நாளில் ஆண்டுதோறும் இந்த நோட்டையும் எடுத்துத் திருத்தி எழுதுவோம்.