ஒரே வீடு... மூன்று விலை! - மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் வீடு வாங்குவோரும் விற்போரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

காலை பத்து மணிக்கு காலிங் பெல் அடிக்கிறது. வாசலில் கையில் ஃபைலுடன் ஒருவர். “பேங்க்லேர்ந்து வேல்யூவேஷனுக்கு வந்திருக்கேன்.” ஹால், பெட்ரூம், கிச்சன் என்று லேசர் கருவியால் அளக்கிறார். செல்போனில் படம் எடுக்கிறார். மொட்டைமாடிக்குப் போய் நீர்க்கசிவு பார்க்கிறார். கீழே இறங்கித் தெருவின் அகலத்தைக் குறித்துக்கொள்கிறார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. கிளம்பும்போது அந்த வீட்டு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: “சார், எவ்வளவு போடுவீங்க?”

“ரிப்போர்ட் பேங்க்குக்குத்தான் போகும்மா” என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறார் அவர்.

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் பழைய ஃப்ளாட் கைமாறும்போதெல்லாம் நடக்கும் காட்சி இது. விற்பவரும் வாங்குபவரும் விலை பேசி, கை குலுக்கி, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் பெரும்பாலும் இந்த அரை மணி நேரம் வருகிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த விலை சரியான விலை?

சென்னையில் ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன.

முதலாவது, அரசு சொல்லும் வழிகாட்டி மதிப்பு. தெரு வாரியாக, சர்வே எண் வாரியாகப் பதிவுத்துறை நிர்ணயிப்பது. இதற்குக் குறைவாகப் பத்திரம் போட்டால் முத்திரைத்தாள் பிரிவின் தனித்துணை ஆட்சியருக்கு ஃபைல் போகும். இரண்டாவது, வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் போடும் விலை. எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது. மூன்றாவது, விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிக்கும் சந்தை விலை.

மூன்றும் ஒன்றாக இருந்தால் பிரச்னையே இல்லை. ஆனால் அப்படி இருப்பது அபூர்வம். வழிகாட்டி மதிப்பின் கதையைப் பார்த்தாலே இது புரியும். 2012-ல் அது கணிசமாக உயர்த்தப்பட்டது. 2017 ஜூனில் 33 சதவிகிதம் குறைக்கப்பட்டது. அதோடு பதிவுக் கட்டணம் 1 சதவிகிதத்திலிருந்து 4 சதவிகிதமாக ஏறியது. 2023-ல் மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது. பதிவுக் கட்டணம் 2 சதவிகிதமாக இறங்கியது. அந்த உயர்வு நீதிமன்றம் வரை போய், 2024 ஜூலையில் புதிய மதிப்புகள் வந்தன. இத்தனைக்கும் நடுவில் அதே தெருவில் அதே வீடு அப்படியேதான் நிற்கிறது. ஆக, வழிகாட்டி மதிப்பு என்பது வரி வசூலுக்கான அளவுகோல்தானே தவிர, வீட்டின் உண்மையான விலை அல்ல.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்

கணக்கு எளிதாக இருப்பதற்காக ஓர் உதாரணம். நான்கு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி மனையில் 40 வருடத்துக்கு முன் கட்டிய 12 ஃப்ளாட்டுகள். ஒவ்வொன்றும் 1,200 சதுர அடி. ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பாகம், அதாவது யூ.டி.எஸ்., 800 சதுர அடி. மனை விலை ஒரு பேச்சுக்கு சதுர அடி 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

மதிப்பீட்டாளர் மண்ணையும் கட்டடத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார். 800 சதுர அடி மண்ணுக்கு 1 கோடியே 20 லட்சம். கட்டடத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்றால், 40 வருடத் தேய்மானம் கழித்து 1,000 ரூபாய்தான் மிஞ்சும். 1,200 சதுர அடிக்கு 12 லட்சம். மொத்தம் 1 கோடியே 32 லட்சம்.

கவனியுங்கள். அந்த வீட்டின் மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கு மண்தான். மாடுலர் கிச்சனும் இத்தாலியன் மார்பிளும் வாங்குபவரின் கண்ணைக் கவரலாம். மதிப்பீட்டாளரின் கண் முதலில் போவது பத்திரத்தில் எழுதியிருக்கும் யூ.டி.எஸ். மீதுதான். பக்கத்து அபார்ட்மென்ட்டில் அதே 1,200 சதுர அடி ஃப்ளாட்டுக்கு யூ.டி.எஸ். 500 என்றால், அதே கணக்கில் 87 லட்சம்தான் வரும்.

இப்போது அந்த வீட்டுக்கு 1 கோடியே 50 லட்சம் விலை பேசியிருக்கிறது ஒரு குடும்பம். ரிசர்வ் வங்கி விதிப்படி 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடன், வீட்டு மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ‘ஒன்றரைக் கோடியில் முக்கால் பங்கு, ஒரு கோடியே 12.5 லட்சம் கடன் கிடைக்கும். நாம் 37.5 லட்சம் புரட்டினால் போதும்’ என்று அவர்கள் கணக்குப் போட்டிருப்பார்கள். ஆனால் பேசிய விலை, மதிப்பீட்டு விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். 1 கோடியே 32 லட்சத்துக்கு 75 சதவிகிதம் என்றால் 99 லட்சம்தான் கடன். கையிலிருந்து போட வேண்டியது 51 லட்சம்.

அதோடு பழைய ஃப்ளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 சதவிகிதம். அது 13.5 லட்சம். இந்த அளவு வீட்டுக்கு, இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் தர விதியில் இடமில்லை. ஆக, 37.5 லட்சம் போதும் என்று நினைத்த குடும்பத்துக்கு 64.5 லட்சம் தேவைப்படுகிறது. அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் நகையை அடகு வைப்பார்கள், பர்சனல் லோன் வாங்குவார்கள், அல்லது அட்வான்ஸை இழப்பார்கள்.

ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2025-ல் மட்டும் 6.5 சதவிகிதத்திலிருந்து 5.25 சதவிகிதமாக இறங்கியது. ‘இதுதான் வீடு வாங்கச் சரியான நேரம்’ என்று பலரும் கிளம்பினார்கள். வட்டி குறைந்தால் மாதத் தவணை குறையும். முதலில் கையில் இருக்க வேண்டிய பணம் குறையாது.

டேப்பிலிருந்து லேசருக்கு

மதிப்பீட்டுத் தொழிலும் மாறியிருக்கிறது. நீண்ட காலம் 1957-ம் ஆண்டு செல்வ வரிச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்களே மதிப்பீட்டாளர்கள். பெரும்பாலும் சிவில் இன்ஜினீயர்கள். இன்றும் பல வீடுகளில் ‘பேங்க் இன்ஜினீயர்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் செல்வ வரியே இப்போது இல்லை. 2017 அக்டோபரில் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் புதிய விதிகள் வந்தன. மதிப்பீட்டாளராகப் பதிவு செய்ய படிப்பும் அனுபவமும் தவிர, பயிற்சியும் தேர்வும் கட்டாயம் ஆனது. நிலமும் கட்டடமும் தனிப் பிரிவு. இந்தியத் திவால் மற்றும் நொடிப்பு வாரியம் இதை மேற்பார்வை செய்கிறது. வீட்டுக் கடனைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வங்கியும் தன் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரையே அனுப்புகிறது.

டேப்புக்குப் பதில் லேசர், கேமராவுக்குப் பதில் இடக்குறியீட்டோடு படம் எடுக்கும் செல்போன் என்று கருவிகளும் மாறின. ‘பின்கோடு போட்டால் விலை சொல்கிறோம்’ என்று வெப்சைட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் அவற்றில் தெரிவது பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலை. விற்று முடிந்த விலை அல்ல.

கம்ப்யூட்டர் கணிப்பை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. சில்லோ என்ற பெரிய வீட்டு விற்பனை நிறுவனம், தன் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்றுவந்தது. விலைப் போக்கைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்லி 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடுவதாக அறிவித்தது. ஊழியர்களில் சுமார் கால் பங்கினருக்கு வேலை போனது.

சென்னையில் கம்ப்யூட்டருக்குத் தெரியாத விஷயங்கள் இன்னும் அதிகம். மயிலாப்பூரில் கோயில் மனையில் நிற்கும் வீடுகள் உண்டு. கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது. அடையாற்றங்கரையை ஒட்டிய தெருக்களில் 2015 டிசம்பர் வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறியது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். தி.நகரில் வீடாக அனுமதி வாங்கிய கட்டடம் கடையாக இயங்கலாம். மாடியில் பிளான் இல்லாமல் எழுப்பிய ஒரு ரூம், மதிப்பீட்டில் சேராமல் போகலாம். இரண்டாம் கட்ட மெட்ரோவில் திருமயிலை, மந்தைவெளி, அடையாறு, பனகல் பூங்கா எல்லாமே நிலையங்கள். நாளைக்கு அது வசதி. ஆனால் ‘மெட்ரோ வரப்போகிறது’ என்று விற்பவர் ஏற்றிச் சொல்லும் விலையை வங்கி இன்றைக்கே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

இடித்துக் கட்டலாமா?

இந்தப் பகுதிகளில் இப்போது அசோசியேஷன் கூட்டம் என்றாலே பேச்சு இதுதான். “பில்டர் வந்திருக்கார். பழைய வீட்டைக் கொடுத்தா புது வீடு. நமக்குச் செலவே இல்லை.”

முன்பெல்லாம் ஒருவர் ‘முடியாது’ என்றாலும் திட்டம் நின்றுவிடும். 2022-ம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். 12 ஃப்ளாட்டில் 8 பேர் போதும். பில்டர்களுக்கும் காரணம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு கட்டட விதிகள், சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது எஃப்.எஸ்.ஐ.-யை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின.

மேலே பார்த்த அதே 12 ஃப்ளாட்டுகளை எடுத்துக்கொள்வோம். 9,600 சதுர அடி மனையில் முன்பு 14,400 சதுர அடி கட்ட முடிந்தது, இப்போது 19,200. கூடுதலாகக் கிடைக்கும் 4,800 சதுர அடியை பில்டர் விற்றுக்கொள்வார். பழைய உரிமையாளருக்கு அதே 1,200 சதுர அடியில் புது வீடு. பார்ப்பதற்கு இலவசம்தான். ஆனால் அவருடைய யூ.டி.எஸ். 800-லிருந்து 600 ஆகிவிடும். அவர் கொடுத்தது 200 சதுர அடி மண். 15,000 ரூபாய் வீதம் 30 லட்சம். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கி 23,040 சதுர அடி கட்டினால் யூ.டி.எஸ். 500-க்கு இறங்கும். அப்போது கொடுத்தது 45 லட்சம்.

அதற்காக மறுகட்டுமானம் வேண்டாம் என்பதில்லை. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில், முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். சிமென்ட் உதிரும் கட்டடத்தில் வேறு வழியும் கிடையாது. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். புது வீட்டின் அளவு, இடைக்கால வாடகை, கார்பஸ் தொகை, கார் பார்க்கிங், தாமதமானால் நஷ்டஈடு எல்லாவற்றையும் அந்த 30 அல்லது 45 லட்சத்தோடு எடைபோட்டுப் பேச வேண்டும். இதற்கு அசோசியேஷன் சார்பில் சொந்தமாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்வது நல்லது. பில்டர் தரும் கணக்கு பில்டருக்கான கணக்கு.

பரம்பரை வீடும் பாகப்பிரிவினையும்

அண்ணன் வீட்டை வைத்துக்கொள்கிறார், தங்கைக்குப் பணம் கொடுக்கிறார் என்று எத்தனையோ குடும்பங்களில் முடிவாகிறது. எவ்வளவு பணம்? பல நேரம் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்குப் போட்டுவிடுவார்கள். அது சந்தை விலையைவிடக் குறைவாக இருந்தால் நஷ்டம் தங்கைக்கு. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே சட்டமாக்கியது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. உரிமை சமமாக இருந்தாலும் மதிப்பீடு தவறினால் பங்கு சமமாகாது. சில ஆயிரம் ரூபாய் செலவில் பொதுவான ஒரு மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கினால், வருடக்கணக்கான மனஸ்தாபத்தைத் தவிர்க்கலாம்.

விற்கும்போது இன்னொரு தேவை வரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்றால், மூலதன ஆதாய வரிக்கு அந்தத் தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை உதவும். அன்றைய வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடுகளை விற்கும் இந்தியவாசிகள், பணவீக்கச் சலுகையோடு 20 சதவிகிதம், சலுகை இல்லாமல் 12.5 சதவிகிதம் என இரண்டு முறையிலும் கணக்குப் போட்டு, குறைவான வரியைக் கட்டலாம். எது லாபம் என்பது பெரும்பாலும் அந்த 2001 மதிப்பைப் பொறுத்தது.

அட்வான்ஸுக்கு முன் ஐந்து வேலைகள்

1. பதிவுத்துறை வெப்சைட்டில் தெருவின் வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும் பாருங்கள். கட்டணம் இல்லை.

2. பத்திரத்தில் யூ.டி.எஸ். எவ்வளவு, எல்லா ஃப்ளாட்டுகளின் யூ.டி.எஸ்.-ஐயும் கூட்டினால் மொத்த மனை வருகிறதா என்று பாருங்கள்.

3. அனுமதி பெற்ற பிளானையும் இருக்கும் கட்டடத்தையும் ஒப்பிடுங்கள்.

4. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொந்தமாக ஒரு மதிப்பீடு வாங்குங்கள்.

5. விற்பனை ஒப்பந்தத்தில், ‘வங்கி மதிப்பீடு குறைந்து கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அட்வான்ஸைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நிற்கும் மதிப்பீட்டாளரிடம் “எவ்வளவு போடுவீங்க?” என்று கேட்டுப் பயனில்லை. அந்தக் கேள்வியை ஒரு மாதம் முன்பே, நாமே ஒருவரை வைத்துக் கேட்டிருக்க வேண்டும்.