சுருட்டுப் பெட்டி உங்களுடையது, வரிச் சீட்டு யாருடையது?

லண்டனில் இருக்கும் பழைய மேலாளர் பணி ஓய்வு பெறுகிறார். சென்னையில் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம். சட்டை வாங்கினால் அளவு தெரியாது, பேனா ஏற்கெனவே பத்து வைத்திருப்பார். “அவருக்குச் சுருட்டு பிடிக்குமே, ஒரு பெட்டி வாங்கி அனுப்பிவிடலாமா?” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள்.

கேட்க நல்ல யோசனைதான். ஆனால் சட்டையும் புத்தகமும் போல, சுருட்டு எல்லை தாண்டுவதில்லை. அன்பளிப்புப் பொட்டலங்களுக்குப் பல நாடுகள் தரும் வரிச் சலுகை புகையிலைக்குப் பொருந்தாது. பெட்டிக்கு நீங்கள் காசு கொடுத்திருப்பீர்கள். அதற்கான வரியைக் கட்டச் சொல்லும் கடிதம், பரிசு பெறுபவர் வீட்டு வாசலுக்குப் போகும்.

*நம்மிடமிருந்து போன சொல்*

சுருட்டைக் கௌரவப் பொருளாகக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று சொல்கிறார்களே, அது நம் ‘சுருட்டு’தான். திருச்சியில் சுற்றப்பட்ட சுருட்டுகள் அந்தக் காலத்திலேயே கப்பலேறி இங்கிலாந்து போயின. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலையாளி புகைத்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலைப் பார்த்தே துப்பறிவாளர் சொல்லிவிடுவார். இங்கே சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் முனீஸ்வரர் போன்ற காவல் தெய்வங்களுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு.

சாமிக்குப் படைக்கும் சுருட்டுக்குச் சுங்கச் சோதனை இல்லை. மனிதர்களுக்கு அனுப்பும்போதுதான் சிக்கல்.

*நாட்டுக்கு நாடு வேறு கணக்கு*

என் அத்தை மகன் லண்டனில் படித்தபோது உதவிய பேராசிரியருக்கு இங்கிருந்து ஒரு பெட்டி அனுப்பினான். சில மாதங்கள் கழித்துத்தான், அவர் கணிசமான தொகை கட்டி அதைப் பெற்றுக்கொண்டது தெரிந்தது. அவர் நாகரிகமானவர், நன்றி மட்டும் சொல்லியிருந்தார். பிரிட்டனுக்கு வெளியிலிருந்து தபாலில் வரும் புகையிலைக்கு, விலை கொடுத்து வாங்கியதோ பரிசாக வந்ததோ, தீர்வை கட்டித்தான் ஆகவேண்டும்.

இந்தியாவில் 2019 டிசம்பர் முதல் விதி இறுகிவிட்டது. உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, ‘அன்பளிப்பு’ என்று சொல்லித் தபாலிலோ கூரியரிலோ வரும் பொருள்களுக்கு வரிவிலக்கு இல்லை. முழுத் தீர்வையும் கட்ட வேண்டும். நேரில் செல்லும் பயணிகளுக்கு, 25 சுருட்டுகள் வரை 2016ஆம் ஆண்டு விதிகள் சலுகை அளித்தன. மாமாவுக்குத்தான் பரிசு என்றால், அடுத்து ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவது மேல். புறப்படுமுன் நடப்பு விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அமெரிக்காவுக்கு என்றால் முதலில் பெட்டியில் ‘கியூபா’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 1962 பிப்ரவரியில் அதிபர் கென்னடி கியூபா மீது வணிகத் தடை விதித்தார். கையெழுத்திடுவதற்கு முதல் நாள் மாலை, தமக்குப் பிடித்த கியூபச் சுருட்டுகளை வாங்கிவரச் சொன்னதாகவும், தாம் 1,200 சுருட்டுகள் கொண்டுவந்து கொடுத்ததாகவும் அவருடைய ஊடகச் செயலாளர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். ஒபாமா காலத்தில் பயணிகளுக்குக் கிடைத்த தளர்வும் 2020 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆக, அமெரிக்க நண்பருக்குக் கியூபச் சுருட்டு அனுப்பினால், அவர் கைக்குப் போய்ச் சேராமலே போகலாம்.

*நம் ஊருக்கு வந்தால்?*

வெளிநாட்டு நண்பர் உங்களுக்காகச் சாங்கி வழியாக ஒரு பெட்டி கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் புகையிலைக்கு வரிவிலக்கு அளவு என்று எதுவுமே கிடையாது. ஒரே ஒரு சுருட்டானாலும் சிவப்புப் பாதைக்குச் சென்று தெரிவிக்க வேண்டும்.

2023 பிப்ரவரி 14 அன்று நடப்புக்கு வந்த விகிதப்படி ஒரு கிலோ சுருட்டுக்குத் தீர்வை 491 வெள்ளி. ஒரு சுருட்டு 12 கிராம் என்றால், 25 சுருட்டுகள் 300 கிராம். தீர்வை மட்டும் 147 வெள்ளி 30 காசு. பெட்டியின் விலை 300 வெள்ளி என்றால், விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள், சேவை வரி 40 வெள்ளி 26 காசு. மொத்தம் 187 வெள்ளி 56 காசு. வரவுசெலவுத் திட்டத்தில் விகிதம் உயர்ந்தால் கணக்கும் உயரும். தபாலில் வரும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு உள்ள இறக்குமதி வரி விலக்கும் புகையிலைக்குக் கிடையாது.

*“தேயிலை என்று எழுதிவிடலாமே?”*

சுங்கப் படிவத்தை நிரப்பும்போது பக்கத்தில் நிற்பவர் ஒருவர் இந்த யோசனையைக் கட்டாயம் சொல்வார். வேண்டாம். பெட்டிகளை ஊடுகதிர்க் கருவியில் பார்க்கிறார்கள். பொய் அறிவிப்பு கண்டுபிடிக்கப்பட்டால் பொருள் பறிமுதல், மேற்கொண்டு அபராதமும் வரலாம். விளக்கம் கேட்டு அதிகாரிகள் முதலில் நாடுவது, பொட்டலத்தில் பெயர் உள்ள அந்தப் பெரியவரைத்தான். மேலும், புகையிலையை ஏற்கவே மறுக்கும் கூரியர் நிறுவனங்களும் உள்ளன. பெட்டியைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

*பயணத்தில் நடப்பது*

சுருட்டு ஈரப்பதத்தை நம்பி வாழும் பொருள். 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதம், 20 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பம் அதற்கு ஏற்றது. குளிர்நாட்டின் வறண்ட காற்றில் மேல் இலை வெடித்துவிடும். நம் ஊர் வெக்கையில் பூஞ்சை பிடிக்கும். புகையிலை வண்டின் முட்டை உள்ளே இருந்தால் அதுவும் பொரித்துவிடும். அனுப்பத்தான் வேண்டும் என்றால், காற்றுப் புகாத பையில் ஈரப்பதத்தைச் சீராக்கும் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வாங்கும்போது இன்னொன்று: மூடியில் கண்ணாடி பதித்த பெட்டியில் ‘கியூபச் சுருட்டு’ மலிவாகக் கிடைத்தால் அது போலி. அசல் அப்படி வருவதில்லை.

*அனுப்பாமலே கொடுக்கலாம்*

எளிய வழி, அவர் ஊர்க் கடையிலேயே பணம் கட்டி வாங்கித் தருவது. அங்குள்ள வரி விலையிலேயே அடங்கிவிடும், சுருட்டும் கெடாது. சிங்கப்பூரைப் போல இணையம்வழி புகையிலை விற்பனைக்குத் தடையுள்ள நாடு என்றால், அங்கிருக்கும் நண்பர் ஒருவர் நேரில் வாங்கிக் கொடுக்கலாம். அல்லது சுருட்டை விட்டுவிட்டு, அதன் முனையை வெட்டும் கருவி, ஈரப்பதம் காக்கும் மரப்பெட்டி, நல்ல சாம்பல் கிண்ணம் அனுப்பலாம். இவற்றுக்குப் புகையிலைத் தீர்வை இல்லை. லைட்டர் மட்டும் வேண்டாம். எரிவாயுவோ எரிபொருளோ உள்ள லைட்டரை விமானத் தபால் ஏற்காது.

எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகிறது. பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ள அளவு புகையிலை இருக்கக்கூடும். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு பார்த்தபோது மாமா கையில் சுருட்டு இருந்தது சரி. இப்போது மருத்துவர் சொல்லி விட்டிருப்பார், பேரப்பிள்ளைக்காக நிறுத்தியிருப்பார். விட்டவர் கைக்கு அருமையான பெட்டி ஒன்றை அனுப்புவது அவர் மன உறுதியைச் சோதிப்பதாகிவிடும்.

“மாமா, இப்பவும் சுருட்டு பிடிக்கிறீங்களா?” என்று முதலில் கேளுங்கள். “இல்லப்பா, விட்டு ரெண்டு வருஷமாச்சு” என்று பதில் வந்தால், அதைக் கொண்டாட வேறு ஏதாவது அனுப்புங்கள்.