பாம்புக் கூண்டில் தெர்மாமீட்டர் எங்கே இருக்க வேண்டும்?

ஜூன் பிறந்துவிட்டால் வால்பாறையில் ஸ்வெட்டரும் கம்பளியும் வெளியே வந்துவிடும். சுமார் 3,500 அடி உயரம், விடாத மழை. நமக்குக் கம்பளி போதும். கண்ணாடிக் கூண்டில் வளரும் பாம்புக்கு? போர்த்தினாலும் பயனில்லை. உடம்பில் சூடு உண்டானால்தானே கம்பளி அதைப் பிடித்து வைக்கும்! பாம்பு வெளியிலிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. சாரை, நாகம், மலைப்பாம்பு என நம் ஊர்ப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது குற்றம். மலைப்பாம்பு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இங்கே பேசுவது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த 'பால் பைத்தான்' பற்றி. (பயந்தால் பந்துபோலச் சுருளும், குடிக்கிற பாலுக்குச் சம்பந்தமில்லை!) அதையும் 2024 விதிகளின்படி 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடத்தி வந்ததை வாங்கினால் சிக்கல்தான். 2023 ஜூலை இறுதியில் திருச்சி விமான நிலையத்தில் ஒரே பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன.

இனி சூடு. கூண்டின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பாம்பு இரண்டுக்கும் நடுவே நகர்ந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இதில் பலர் செய்யும் தவறு, கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டரை நம்புவது. அது காட்டுவது சுவரோரக் காற்றின் சூட்டை. பாம்போ தரையில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கிறது! மேலே 28 காட்டும்போது, கீழே ஹீட் மேட் 45 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். வயிறு வெந்தாலும் பாம்பு சட்டென்று விலகாது. புண்ணான பிறகுதான் நமக்குத் தெரியவரும். எனவே ஒயர் நுனியில் சென்சார் உள்ள இரண்டு டிஜிட்டல் மீட்டர்கள் தேவை, முனைக்கு ஒன்றாக, பாம்பு படுக்கும் இடத்திலேயே. ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் நேராக பிளக்கில் மாட்டவே கூடாது. சூடு குறைந்தாலும் ஆபத்துதான். விழுங்கிய எலி செரிக்காமல் அழுகும், பாம்பு கக்கிவிடும், நெஞ்சில் சளி கட்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முட்டைகளைச் சுற்றி அடைகாக்கும் தாய் மலைப்பாம்பு, தசைகளைத் துடிக்கவைத்துத் தானே சூடு உண்டாக்கும். 1966-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். கூண்டில் தனியே கிடக்கும் பாம்புக்கு அந்த வசதி இல்லை.

மழையில் மரம் சாய்ந்து கரன்ட் போனால்? வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு முனையில் வையுங்கள். அன்றைக்கு இரை வேண்டாம். கரன்ட் வந்ததும் தெர்மோஸ்டாட்டை ஒருமுறை பாருங்கள். மலிவு விலை மாடல்கள் சில, நாம் வைத்த அளவை மறந்துவிடும்.