நிலம் சொல்வதைக் கேட்போம்

“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்” என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டிலும் செலவும் சிரமமும் மிகுதி என்பதே இதன் பொருள். வீடு கட்டும் சிரமத்தில் ஒரு பெரும் பகுதி, முதல் செங்கல்லை வைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நிலம் மேடா, பள்ளமா, சரிவா? அதன்மேல் வீட்டின் தரையை எந்த உயரத்தில் அமைப்பது? இவ்விரு கேள்விகளுக்கும் நாம் கூறும் விடையே வாசலையும் படிகளையும் சாக்கடையையும் செலவையும் தீர்மானிக்கிறது. அது எவ்வாறு என்பதை இங்கே காண்போம்.

முதலில் சமநிலத்தை எடுத்துக்கொள்வோம். வெளித் தரைக்கு மேல் வீட்டின் உள்தரை வரை எழுப்பும் பகுதியைக் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ என்பார்கள். இது சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி உயரமாக இருக்க வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகிறது. மழைநீர் உள்ளே வராதிருக்கவும், கழிவுநீர் தானாகவே வெளியே ஓடவும் இவ்வுயரம் தேவை.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். தெருவோ உயர்ந்துகொண்டே போகலாம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலையைப் போட்டால், ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயரும். ஒரு காலத்தில் படியேறி நுழைந்த வீட்டிற்குள், பின்னர் படியிறங்கி நுழைய வேண்டியதாகிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சென்னையில் வெள்ளம் பெருகியபோது, தாழ்ந்த பகுதிகளில் தரைத்தளத்தில் வாழ்ந்தவர்கள் பட்ட துன்பத்தை நாடே அறியும்.

அப்படியானால் பேஸ்மட்டத்தை ஒன்றரை மீட்டர் உயர்த்திவிடலாமே என்று தோன்றும். இங்கே சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றால், 45 சென்டிமீட்டருக்கு மூன்று படிகள் போதும். ஒன்றரை மீட்டருக்குப் பத்துப் படிகள் வேண்டும். முழங்கால் வலியுள்ள பாட்டி நாள்தோறும் அவற்றை ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்குரிய சாய்தளமோ, 1 மீட்டர் உயர 12 மீட்டர் நீளம் கேட்கும். 45 சென்டிமீட்டர் உயரத்திற்கு 5.4 மீட்டர், ஒன்றரை மீட்டர் உயரத்திற்கு 18 மீட்டர்! வெள்ளத்திற்கு அஞ்சி உயர்த்துவதும், வீட்டிலுள்ள முதியோரை எண்ணித் தாழ்த்துவதும் ஆகிய இரண்டையும் சீர்தூக்கியே முடிவு செய்ய வேண்டும்.

இனி மலைச்சரிவுக்கு வருவோம். 12 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மனை, சாலையிலிருந்து பின்பக்கம் 3 மீட்டர் சரிந்து இறங்குவதாகக் கொள்வோம். அதை முழுவதும் சாலை மட்டத்திற்கு நிரப்பினால், முக்கோணப் பட்டகத்தின் கன அளவுக் கணக்குப்படி 162 கன மீட்டர் மண் வேண்டும். மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்பினால், 40.5 கன மீட்டர் வெட்டினால் போதும். வீட்டையே இரண்டாகப் பிரித்து, முன்பாதியின் தரையை விடப் பின்பாதியின் தரையை ஒன்றரை மீட்டர் தாழ்வாக அமைத்தால், வெட்டும் மண் 20.25 கன மீட்டராகக் குறையும். இடையில் பத்துப் படிகள் வரும். மண்வேலை குறைகிறது, வீட்டினுள் நடப்பது கூடுகிறது. எதை ஏற்பது என்பது அவ்வீட்டில் வாழப் போகிறவர்களைப் பொறுத்தது.

நான்காவது வழியும் உண்டு. பின்புறத்து மூன்று மீட்டர் பள்ளத்தில் சுவரோ தூணோ எழுப்பினால், அங்கேயே ஓர் அறை கிடைக்கும். உதகையிலும் கொடைக்கானலிலும் சாலையிலிருந்து பார்த்தால் ஒரு மாடியாகவும், பள்ளத்திலிருந்து பார்த்தால் இரண்டு மாடியாகவும் தோன்றும் வீடுகள் இவ்வகையின.

மண்ணைப் பற்றிய எச்சரிக்கை ஒன்று உண்டு. புதிதாக நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்கும். அதன்மேல் அஸ்திவாரம் போட்டால் சுவர் விரிசல் காணும். ஆகவே அஸ்திவாரம் அதைத் தாண்டி, அசையாத பழைய மண் வரை இறங்க வேண்டும். வெட்டிய இடத்தில் எழுப்பும் தடுப்புச் சுவரில் நீர் கசியத் துளைகள் விட வேண்டும். இல்லாவிடில் மழைக்காலத்தில் மண்ணில் தேங்கும் நீர் சுவரை வெளியே தள்ளும். மலைவாழ் மக்களுக்கு இது உயிர்ப் பிரச்சினையாகும்.

நிலத்தோடு போரிடாமல் கட்டலாம் என்பதற்குத் திருவனந்தபுரம் நல்ல சான்று. இங்கிலாந்தில் பிறந்து, நம் நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்ட கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), அங்கே நாலாஞ்சிறையில் செங்குத்தான ஒரு பாறைச் சரிவில் தம் வீட்டை அமைத்தார். அதே நகரில் 1970-களில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையம் ஒரு குன்றின் மேல் உள்ளது. அவர் குன்றைத் தட்டையாக்கவில்லை. கட்டடங்களைச் சரிவின் போக்கிலே வளையவிட்டார். மரங்கள் நின்ற இடத்தில் சுவர்களே விலகிச் சென்றன. புவியியல் பாடத்தில் நாம் வரையும் சம உயரக் கோடுகள் தேர்வுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வழிகாட்டும் என்பதை இதனால் அறியலாம்.

எனவே வீடு கட்ட எண்ணும் பெற்றோர், வரைபடத்திற்கு முன் மனையின் ஏற்றத்தாழ்வைத் தண்ணீர் மட்டக் குழாயால் அளந்து பார்ப்பது நலம். மழை நாளில் ஒருமுறை அங்கே போய் நிற்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது என்று அக்கம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் கூறும் இரண்டு வார்த்தை, பிற்காலத்தில் பெருஞ் செலவைத் தவிர்க்கும். வண்ணமும் அலங்காரமும் பிறகு மாற்றக் கூடியவை. தரையின் உயரமோ ஒருமுறை அமைந்தால் அமைந்ததுதான்!