உள்ளே இருப்பவருக்கு ஆலோசகர் எதற்கு?

உங்கள் வீட்டுப் பிள்ளை ஹைதராபாத் சஞ்சல்குடா சிறையிலோ செர்லபள்ளி சிறையிலோ இருக்கிறார் என்று வையுங்கள். முலாகாத்தில் (கைதியை மனு போட்டுப் பார்ப்பது) "கவுன்சலிங்குக்குக் கூப்பிடுறாங்க" என்கிறார். உங்களுக்குத் திக்கென்கிறது. பைத்தியம் என்று எழுதிவிட்டார்களோ?

இல்லை, பயப்படாதீர்கள். தெலங்கானா சிறைத்துறையில் 'உன்னதி' என்ற ஆலோசனைத் திட்டத்தை வடிவமைத்தவர் உஸ்மானியா பல்கலைக்கழக உளவியல் பேராசிரியராக இருந்த பீனா சிந்தலபுரி. திரும்பத் திரும்பக் குற்றத்தில் விழுகிறவர்களின் யோசிக்கும் பழக்கத்தை மாற்றுவதே அதன் நோக்கம்.

அதெப்படி மாற்றுவது? அறிவுசார் நடத்தை சிகிச்சை (எண்ணம், உணர்ச்சி, செயல் மூன்றையும் பிரித்துப் பார்க்கும் பேச்சு முறை) மூலம். அடிதடி வழக்கில் வந்தவர் "முறைச்சான், அடிச்சேன்" என்பார். ஆலோசகர் திட்டமாட்டார். முறைத்ததற்கும் அடித்ததற்கும் நடுவே மனசில் என்ன ஓடியது என்று கேட்பார். "எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்திட்டான்னு தோணுச்சு." அவன் உங்களைத்தான் பார்த்தானா? அப்போது மூச்சு எப்படி இருந்தது? கேட்கக் கேட்க, கண்மூடித் தாண்டிய அந்த நொடி அவருக்கே தெரிய ஆரம்பிக்கும். அடுத்த முறை நகர்ந்துபோக அந்த நொடி போதும்.

தீர்ப்பே வரவில்லையே, அவருக்கும் உண்டா? உண்டு. நம் நாட்டுக் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள்தான். குறிப்பாக முதல்முறை வருகிறவர்களுக்கு ஆலோசகர் வேண்டும் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கூப்பிடவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளருக்கு மனு எழுதிக் கேளுங்கள்.

பேசினால் வழக்கு கெடுமா? சொல்வதில் எதை எழுதி வைப்பார்கள், யாரிடம் காட்டுவார்கள் என்று முதல் நாளே ஆலோசகரிடம் கேட்கச் சொல்லுங்கள். வழக்கின் விவரம் வக்கீலுக்கு. கோபம், குடி, தூக்கமின்மை ஆலோசகருக்கு.

தண்டனை குறையுமா? இதற்காகத் தானாகக் குறையாது.

வீட்டார் என்ன செய்யலாம்? முலாகாத்தில் "திருந்திட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பொய்தான் பதிலாக வரும். "தூங்குறியா, யார்கூடப் பேசுற?" என்று கேளுங்கள்.

வெளியே வந்தபின் முதல் சில வாரங்கள்தான் கஷ்டம். வேலை கிடைக்காது, பழைய கூட்டாளி தேடி வருவான். தெலங்கானா சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளில் விடுதலையானவர்களுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். மனசு தடுமாறினால் 14416க்கு (அரசின் இலவச மனநல உதவி எண்) போன் செய்யலாம், தமிழிலும் பேசலாம். விடுதலையாகும் அன்று சிறை வாசலில் அந்தக் கூட்டாளிக்கு முன்னால் நீங்கள் போய் நில்லுங்கள்.